வாரண்டியில் வராத காற்று

கேள்வி கேட்டவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் நம்மவர்களுக்கு எப்போது வந்ததென்று யாராவது ஆராய்ந்து பட்டம் வாங்கலாம். அதற்கு வேண்டிய சரக்கு என்னிடம் நிறைய இருக்கிறது. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த காலம் முழுக்கப் பக்கத்தில் நின்றவன் நான். கேள்வி கேட்டவள் மாடி அக்கா.

அவளுக்குப் பெயர் உண்டு. வேதாகமத்திலிருந்து எடுத்த, வாய் நிறையச் சொல்லக்கூடிய பெயர். அதை இங்கே எழுதினால், "யாரக் கேட்டு எழுதின ரைட்டரே?" என்று எங்கிருந்தாவது வந்து நிற்பாள். பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதி அனுப்புகிறவன் என்பதால் என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவாள். அவள் மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டதில் தெருவில் பாதிப் பேர் என்னைப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நம்பி, எதிரில் வந்தால் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார்கள். இலக்கியம் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த ஒரே மரியாதை அது.

கீழ்வீடு எங்களுடையது, மாடி அவளுடையது. இரண்டும் வாடகை. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கப்பலில் வந்த சரக்கை வெளியே எடுப்பதற்கான பேப்பர்களை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த மேசைகள்தான் அவளை இப்படி ஆக்கியிருக்க வேண்டும். "உங்க ஆபீஸ்ல ஜென்ட்ஸ் யாரும் இல்லியாம்மா?" என்று கேட்ட அதிகாரியிடம், "கீறாங்க சார். அவங்களுக்கு இந்த வேலை தெரியாது" என்று சொல்லிவிட்டு, கைப்பையை மார்போடு கட்டிக்கொண்டு அங்கேயே நிற்பாளாம். சத்தம் போட மாட்டாள், நிற்பாள். எதிரில் ஒரு மனுஷி இமைக்காமல் நின்றுகொண்டிருக்கும்போது டீ குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த அதிகாரிகளுக்குத்தான் தெரியும்.

ஒருமுறை அவளுக்குக் கடுமையான ஜுரம். நானும் என் மனைவியும் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். டாக்டர் அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "எப்பலேர்ந்து ஜுரம்? சாப்பிடறாங்களா? வெளிக்குப் போறாங்களா?" என்றார். மாடி வீட்டு அக்கா வெளிக்குப் போவதைப் பற்றி நான் என்ன கண்டேன்? திருதிருவென்று விழித்தேன். அக்கா தெர்மாமீட்டரை வாயிலிருந்து உருவினாள்.

"ஜுரம் எனக்கு டாக்டர். அவருக்கு இல்ல. என் மூஞ்சப் பாத்துக் கேளுங்க."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஆனால் மருந்துச் சீட்டை என் கையில்தான் கொடுத்தார்.

இதோடு எங்கள் ஊர்ப் பெயரும் சேர்ந்துகொள்ளும். மவுண்ட் ரோட்டுக்கு அந்தண்டை எங்கே போய் "திருவொற்றியூர்" என்று சொன்னாலும் எதிராளியின் மூக்கு லேசாகச் சுருங்கும். "ஓ, அந்தப் பக்கமா?" ஆட்டோக்காரர் திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கேட்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுப்பது பஜ்ஜி சாப்பிடும் நேரத்துக்கு மட்டும்தான். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் அழுகிய முட்டை வாடை வீட்டுக்குள் வந்து, விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கண் எரியும். வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாம்பல் வேட்டியாகத் திரும்பி வரும். புகார் கொடுத்தால் அதிகாரிகள் வந்து, அளந்து பார்த்தோம், எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது யாருடைய மூக்கின் அளவு என்று மட்டும் சொன்னதில்லை.

இந்த ஊரில், இந்தக் காற்றில் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். தெருவில் கம்ப்யூட்டர் என்றால், பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கி, பூ வேலை செய்த துணியால் மூடி வைக்கும் சாமான். அக்காவின் கம்ப்யூட்டருக்குத் துணி கிடையாது. ஒரு பக்கத்துத் தகடே கிடையாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வயிறு தெரிய நின்ற பெட்டிக்கு நேராக டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும், பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு பாகமாக வாங்கி அவளே பூட்டிய பெட்டி அது. படிப்புக்கும் இல்லை, ஆபீஸ் வேலைக்கும் இல்லை. கார் ஓட்டுவதற்கு.

கார் பந்தய விளையாட்டுதான். ஏன் கார் என்று எங்கள் பக்கத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் அப்போதெல்லாம் ஒரு நிரந்தரக் குடியிருப்பு. டிரைவர்கள் இறங்கி, ஸ்டவ் பற்றவைத்து, சோறாக்கிச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகும் வண்டி நகர்ந்திருக்காது. அந்த லாரிகளுக்கு இடையில் பஸ்ஸில் உட்கார்ந்தே அக்காவின் பாதி ஆயுள் போயிருந்தது. "லாரி இல்லாத ரோடு ஒண்ணு பாக்கணும் ரைட்டரே. பொய் ரோடா இருந்தாலும் பரவால்ல."

பொய் ரோடு கிடைத்தது. ஆனால் அவள் கம்ப்யூட்டரில் அது மைதாப் பசை மாதிரித் தெரிந்தது. மரங்கள் அட்டையில் வெட்டியவை போல நின்றன. கார் விக்கி விக்கி நகர்ந்தது. படத்தைத் திரையில் வரையும் வேலைக்குத் தனியாக ஒரு கார்டு போட வேண்டுமாம். அதிலும் புதிதாக உயர்ந்த ரகம் ஒன்று வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றைப் படித்துப் படித்துக் கிழியவிட்டிருந்தாள்.

"இந்தக் கார்டு போட்டா, கண்ணாடில மழ வுழுந்து வழியிறது தெரியுமாம். ரோடு ஈரமா மின்னுமாம்."

"நம்ம ரோட்லயே மழை பெய்தா ஈரம் தெரியுதே அக்கா."

"நம்ம ரோட்ல ஈரம் எங்க கீது? தண்ணிதான் கீது. முட்டி வரைக்கும்."

விலையைச் சொன்னாள். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை, என் மனைவி இதைப் படிப்பாள், அக்கா மேல் அவளுக்கு இருக்கும் மதிப்பு குறைந்துவிடும்.

கார்டு வாங்க, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் அடைத்துக் கிடக்கும் ரிச்சி தெருவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தோழமை எல்லாம் இல்லை, பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். கடையிலேயே தன் பெட்டியில் மாட்டி, ஓட விட்டுப் பார்த்து, அதன்பிறகுதான் வாங்குவது என்பது அவள் வைத்திருந்த சட்டம். அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் ரயிலில் ஏற்றினோம். மடியில் அதை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எதிரில் கீரைக்கூடையோடு ஒரு அம்மாள்.

"இன்னா யக்கா அது சாக்குல?"

"கம்ப்யூட்டரு."

"உடம்பு சரியில்லியா? ஆசுபத்திரிக்கா இட்டுகினு போறீங்க?"

"உடம்பு நல்லாத்தான் கீது. கண்ணு மந்தம். கண்ணு வைக்கப் போறோம்."

"அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? பொன்னாங்கண்ணி ரெண்டு கட்டு வாங்கிக் குடு."

அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு வாங்கினாள். அன்றைய தினத்தில் அவளைப் பார்த்துப் பேசி அவளிடம் விற்ற ஒரே வியாபாரி அந்த அம்மாள்தான்.

முதல் கடையில் நாங்கள் நுழைந்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்றார்.

"அவங்களுக்குத்தான்" என்றேன்.

"மேடமுக்கு என்ன வேணுமாம்?" என்று என்னையே கேட்டார்.

அக்கா கார்டின் பெயரை, ரகத்தை, மெமரியை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "பையன் கேட்டானா சார்? எந்த கிளாஸ் படிக்கிறான்?" என்றார். அந்தக் கணத்தில் எனக்கும் அக்காவுக்கும் கல்யாணம் நடந்து, பத்தாவது படிக்கும் பையன் ஒருவனும் பிறந்துவிட்டான். நான் மறுப்பதற்குள், "படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் வாங்கித் தராதீங்க சார். கெட்டுப்போயிடுவான்" என்று என் இல்லாத மகனுக்காகக் கவலைப்பட்டார்.

இரண்டாவது கடையில் ஒருவர், "மேடம் சீரியல் சிடி போட்டுப் பாக்கறதுக்கு இருக்கறதே போதும் சார், எதுக்கு வீண் செலவு?" என்று என் பணத்தைக் காப்பாற்றப் பார்த்தார். பணம் அக்காவின் கைப்பையில் இருந்தது. கைப்பை அவள் மார்பில் இருந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

மூன்றாவது கடையில் கார்டு இருந்தது. பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் கத்தியோடு நிற்கும் ஒரு ராட்சதப் பெண்ணின் படம். இந்த வியாபாரத்தில் பெண்களுக்குக் கிடைத்த மதிப்பான இடம் அது ஒன்றுதான். அக்கா அதைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தாள்.

"இது இல்ல. பேரு அதேதான். ஆனா பாதி வேகம்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர் என்னிடம்.

"நான் கேட்டது அது. நீ எடுத்துக் குடுத்தது இது."

"சார், மேடமுக்குப் புரிய வைங்க சார். ஸ்டாக் இதான்."

"பின்னாடி ராக்குல மேல கீது பாரு, அத்த எடு. எடுத்து இதுல போட்டுக் காட்டு." சாக்கை அவிழ்த்து, பெட்டியைத் தூக்கி அவருடைய டிபன் கேரியருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது. சொல்லுங்க சார்."

"அவராண்ட இன்னாத்துக்கு சொல்ற? அவருக்கு மிக்ஸியே போடத் தெரியாது."

உண்மை. தலையாட்டினேன். நான் தலையாட்டியதும் கடைக்காரர் அதையும் ஏதோ சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, முதலில் எடுத்து வைத்த கார்டுக்கே பில் போடக் குனிந்தார். அப்போதுதான் அக்கா அந்த உத்தரவைப் போட்டாள்.

"ரைட்டரே, நீ திரும்பி நில்லு."

"என்ன அக்கா?"

"ரோட்டப் பாத்து நில்லு. இவன் உன் மூஞ்சிய பாக்கறவரைக்கும் என் காதுல எதுவும் வுழாது."

திரும்பி நின்றேன். ஒரு முழு ஆண்பிள்ளை, வங்கி குமாஸ்தா, துணுக்கு எழுத்தாளன், கடைக்கு முதுகைக் காட்டியபடி ரிச்சி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிற வருகிறவர்கள் என்னைக் கடையின் ஆள் என்று நினைத்து ஹெட்போன் என்ன விலை என்றார்கள். ஒருவருக்கு நான் விலைகூடச் சொன்னேன், அவர் அதிகம் என்று சொல்லிப் போய்விட்டார். பார்ப்பதற்கு வேறு முகம் கிடைக்காத அந்த மனிதர் கடைசியில் வேறு வழியில்லாமல், "...சரி மேடம், எந்த ஸ்லாட்?" என்றார். பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ராக்கிலிருந்த கார்டு இறங்கியது, சீல் பிரிந்தது, அக்காவின் பெட்டிக்கு உயிர் வந்தது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஏதோ ஃபேன் சூட்டைப் பற்றிப் பழைய சிநேகிதர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமே தெருவில் பாதி மாடியில் இருந்தது. திரையில் மழை பெய்தது. மெய்யாகவே கண்ணாடியில் துளி விழுந்து, இன்னொரு துளியைச் சேர்த்துக்கொண்டு வழிந்தது. ரோடு கருப்பாக மின்னியது. இரண்டு பக்கமும் மரம், தூரத்தில் மலை. ஒரு லாரிகூட இல்லை.

ஆனால் அக்கா ஓட்டியதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பந்தயம் ஆரம்பித்ததும் மற்ற கார்கள் சீறிக்கொண்டு பறந்துவிட்டன. அக்கா மாட்டு வண்டி வேகத்தில் போனாள். மரத்தைப் பார்த்தாள், வளைவில் நின்றாள். மழையைப் பார்த்தாள். கடைசி ஆளாக வந்து சேர்ந்தபோது பந்தயம் முடிந்து, மைதானத்தில் ஆளே இல்லை.

"அக்கா, இவ்ளோ செலவு பண்ணி வேகமான கார்டு வாங்கி, இப்படியா ஓட்டறது?" என்றேன்.

"வேகமா போனா ஒண்ணும் தெரியாது ரைட்டரே. வேகமா போறதுக்கு இன்னாத்துக்கு இத்த வாங்கணும்?"

அதன்பிறகு தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த ரோட்டில் போய்வருவாள். லாரிகளுக்கு நடுவே வாடி வதங்கி வந்த முகம், ஒரு பந்தயத்தில் தோற்றதும் தெளிந்துவிடும்.

ஒரு வருஷம்கூடப் போகவில்லை. ஒருநாள் ரோட்டில் கோடு கோடாக விழுந்தது. அப்புறம் மலை பச்சைக் கட்டங்களாக உடைந்தது. அப்புறம் இருட்டு. அக்கா கார்டை உருவி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். போர்டில் சொருகும் இடத்தில் வரிசையாகப் பல் மாதிரி இருக்குமே, வாங்கும்போது தங்க நிறத்தில் பளபளத்தவை, வெற்றிலை போட்ட வாய் மாதிரிக் கருத்திருந்தன. திருகாணிகளில் பச்சை பூத்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்தாள். ரப்பர் கருத்தது, பல் வெளுக்கவில்லை.

"வாரண்டி கீது. மாத்திக் குடுப்பான்" என்றாள். மறுபடியும் நான் பக்கத்தில் நின்றேன்.

சர்வீஸ் சென்டர், நகரத்தின் நல்ல பக்கத்தில், ஏசி போட்ட மாடியில் இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு இளைஞர் கார்டை விளக்கில் காட்டித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஏரியா சார் நீங்க?"

"திருவொற்றியூர்" என்றாள் அக்கா.

"ஆ." மூக்கு சுருங்கியது. "அதான் சார். மணலி, எண்ணூர் அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற போர்டு எல்லாமே இப்படித்தான் வருது. கெமிக்கல் காத்து, மெட்டல தின்னுடுது. இது வாரண்டில வராது சார்."

"விக்கும்போது ஏரியா கேட்டீங்களா?" என்றாள் அக்கா.

"அது ரூல் மேடம். சுற்றுப்புறத்தால வர்ற டேமேஜுக்குக் கம்பெனி பொறுப்பில்ல."

"அந்த சுற்றுப்புறத்துல நான் கீறேன். எனக்கு யாரு பொறுப்பு?"

அந்த இளைஞர் நல்லவர். அதைச் சொல்லியாக வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு பண்ணுங்க. அண்ணா நகர், அடையார் எங்கயாவது சொந்தக்காரங்க இருந்தா அவங்க அட்ரஸ் குடுங்க. அங்க யூஸ் பண்ணதா போட்டு நான் பாஸ் பண்ணிடறேன். அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

என் மனைவியின் அண்ணன் அண்ணா நகரில்தான் இருக்கிறார். அவர் எனக்கு வாழ்க்கையில் பயன்படக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அது. கதவு எண்ணைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"ரைட்டரே, திரும்பி நில்லு" என்றாள் அக்கா.

நின்றேன். ஏசி கண்ணாடிக்கு வெளியே மரங்கள் நிறைந்த சாலை தெரிந்தது. நல்ல பக்கம் அல்லவா.

"நான் இன்னா தம்பி திருடிகினு வந்தேனா, வூட்டு அட்ரஸ மறைக்கறதுக்கு?"

"உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றேன். புது கார்டு கிடைக்கும்."

"கெடைக்கும். அது மறுபடி எங்க வூட்டுக்குத்தான வரும்? அண்ணா நகருக்கா போவும்?" கார்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அப்ப எங்க ஊரு காத்து கெட்டுப்போய்க்கீதுன்னு சொல்ற."

"ஆமா மேடம்."

"என் மூஞ்சப் பாத்து சொல்லு."

"உங்க ஏரியா காத்து ரொம்ப மோசம் மேடம். இரும்பே தாங்கல."

வெளியே வந்ததும் நான் கத்தினேன். ஒரு பொய், ஒரு கதவு எண், புது கார்டு, அதை வேண்டாம் என்று சொல்ல இவள் யார் என்று எனக்கு ஆத்திரம். அந்த மழையை, அந்த ரோட்டை, ஒரு முகவரிக்காக விட்டுவிட்டு வருகிறாளே. ஆனால் அவள் முகம் என்னவோ பந்தயத்தில் தோற்ற நேரத்து முகமாகத் தெளிந்திருந்தது.

"இத்தினி வருசம் எத்தினி ஆபீசர் வந்தான் ரைட்டரே. ஒருத்தன் சொன்னானா? கார்டு ரிப்பேர் பண்ற புள்ள சொல்லிட்டான் பாரு."

அடுத்து அதிகாரிகள் குறை கேட்க வந்த நாளில் அக்கா ஆபீசுக்கு லீவு போட்டாள். கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் மணமக்கள் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மைக்கில், "மக்களே, பயப்படத் தேவையில்லை. அளந்து பார்த்ததில் எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது" என்றார். கீழே ஒரு அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கேட்டாள்.

அக்கா மேடை ஏறிப் போய் அவர் மேசையில் கார்டை வைத்தாள்.

"இது என்ன?" என்றார் அதிகாரி, என்னைப் பார்த்து. நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தேன். அவ்வளவு கூட்டத்தில் என்னை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். நானாகவே எழுந்து திரும்பி நின்றுகொண்டேன்.

மைக் திறந்திருந்ததால் முழுதும் கேட்டது.

"கம்ப்யூட்டர் கார்டு சார். வாங்கி வருசம்கூட ஆவல. கருத்துப் போச்சு. எங்க ஊரு காத்து கெட்டது, அதனால வாரண்டி கெடையாதுன்னு கம்பெனி சொல்லுது. நீங்க காத்து நல்லா கீதுன்னு சொல்றீங்க. அப்ப ஒரு போன் போட்டு எனக்கு வாரண்டி வாங்கிக் குடுங்க."

"அம்மா, இதுக்கும் எங்க டிபார்ட்மென்டுக்கும்..."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு நீங்களே பேசிகினு எனக்கு சொல்லுங்க. நான் நிக்கறேன்."

நின்றாள், கைப்பையை மார்போடு கட்டிக்கொண்டு. அதிகாரி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அடுத்தவர் எழுந்து வந்து, "அவங்களுக்கு சொல்லிட்டு அப்பால என்னைக் கூப்புடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த ஆளும் அப்படியே. டீ வந்தது. அதிகாரி குடிக்கவில்லை. யாரோ, "எங்க வூட்டு ஃப்ரிட்ஜ் பைப்பும் ஓட்டையாவுது சார், மெக்கானிக் காத்துதான்றான்" என்றார். "என் பொண்ணு கொலுசு கரிக்கட்டையா போச்சு" என்றது ஒரு குரல். அக்கா திரும்பி, "உங்களுக்கெல்லாம் அப்பால சொல்லுவாரு. மொதல்ல எனக்கு" என்று அடக்கினாள்.

"விசாரிக்கிறேம்மா" என்று அதிகாரி கார்டை எடுத்து ரெக்ஸின் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கள் ஊர்க் காற்றின் மாதிரி ஒன்றை அரசாங்கம் கையோடு எடுத்துப் போனது எனக்குத் தெரிந்து அன்றுதான். வாசலில் ஜீப்புக்கு முன்னால் அக்கா மறுபடி நின்றாள்.

"எடுத்துகினு போ சார். வாரண்டி வேணாம், கார்டும் வேணாம். ஒண்ணே ஒண்ணு. காத்து நல்லா கீதா, இல்லியா?"

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் முகம் தெரியாத தூரத்தில் இருந்தேன். வேறு யாரும் அகப்படவில்லை. கடைசியில் அவளைப் பார்த்து, மைக் இல்லாத குரலில் சொன்னார்.

"நானே இந்தப் பக்கம் வந்தா ஜீப் கண்ணாடிய ஏத்திக்கறேம்மா. போதுமா?"

"போதும்" என்று அக்கா வழி விட்டாள்.

அவர் மெதுவாகச் சொன்னதுதான். ஆனால் அன்று இருட்டுவதற்குள் தேரடியிலிருந்து கடற்கரைக் குப்பம் வரைக்கும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு அந்த ஜீப் எங்கள் பக்கம் வந்தால் டீக்கடையிலிருந்து ஒரு குரல், "ஏத்திக்கோ சார்!" குழாயடியிலிருந்து, "கண்ணாடிய ஏத்திக்கோ நைனா, காத்து வருது!" லாரி டிரைவர்கள்கூட, வெளிமாநிலத்து ஆட்கள், என்ன ஏதென்று தெரியாமலே கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார்கள்.

வாரண்டி வரவில்லை. ஆலைகள் அங்கேயேதான் இருந்தன. அக்கா பழையபடி மைதாப் பசை ரோட்டில் விக்கி விக்கிப் போய்க்கொண்டிருந்தாள், இன்னும் கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் சில வாரங்களில் அந்த ஜீப் கண்ணாடியை இறக்கிவிட்டு வர ஆரம்பித்தது. ஜன்னலோரத்தில் அதிகாரி, கண் சிவந்து, மூக்கில் கைக்குட்டை வைக்க வெட்கப்பட்டு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.